வாங்க, கலைஞர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கலாம்!

கோபாலபுரம். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. தெரு முழுக்கத் தூக்கம். ஆனால் அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது! உள்ளே அன்றைய நாளிதழ்கள் பரப்பிக் கிடக்கின்றன. தன்னைப் புகழ்ந்த பத்திரிகை, திட்டிய பத்திரிகை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் புரட்டி முடித்தாகிவிட்டது. பேனா மூடி திறக்கிறது. ‘உடன்பிறப்பே’ என்று முதல் சொல் விழுகிறது. இன்னும் சில மணி நேரத்தில் அந்தத் தாள் கோடம்பாக்கம் நெடுஞ்சாலை முரசொலி அலுவலகத்தில் அச்சுக்கோப்பவர் கைக்குப் போய்விடும். மறுநாள் காலை வேதாரண்யத்திலும் மன்னார்குடியிலும் கட்சிப் படிப்பகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் உரக்க வாசிப்பார், சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள்.

மு. கருணாநிதியை மேடையில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கரகரப்பான குரல், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு எல்லாம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு இன்று வேண்டியது மேடைக்குப் பின்னால் இருந்த அந்த மேசை! ஐந்து முறை முதல்வர், போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்றில்கூடத் தோல்வி இல்லை, 1969 முதல் 2018 வரை ஒரே கட்சிக்குத் தலைவர். இத்தனை நீளமான ஓட்டத்துக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் கைகாட்டுவது அந்த மேசையைத்தான். மேசை முதலில் போடப்பட்டது சென்னையில் இல்லை, நம்ம டெல்டாவில்!

சரி, அப்படியே கீழத்தஞ்சைக்குப் போவோம்.

திருக்குவளை. 1924 ஜூன் 3இல் அவர் பிறந்தபோது தஞ்சாவூர் ஜில்லா, இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். சுற்றிலும் வயல். ஊர் நடுவே கோளிலிநாதர் கோயில். இந்தக் கோயிலுக்கு அழகான ஒரு கதை உண்டு. குண்டையூரில் மலைபோலக் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் கேட்டு சுந்தரர் பதிகம் பாடியது இந்தக் கோளிலி இறைவனிடம்தான். இரவோடு இரவாக பூதகணங்கள் நெல்லைச் சுமந்து திருவாரூர்த் தெருவெல்லாம் குவித்துவிட்டன என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த நெல் போன வழியிலேயேதான் முத்துவேலர், அஞ்சுகம் தம்பதியின் மகன் தட்சிணாமூர்த்தி படிப்பதற்காகத் திருவாரூர் போனான். ஆமாம், பெற்றோர் வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி! பிற்காலத்தில் கடவுள் மறுப்பாளராக அறியப்பட்டவரின் தொடக்கம் ஒரு தேவாரத் தலத்தில்.

இசை வேளாளர் குடும்பம். நாதஸ்வரம் கற்க அனுப்பினார்கள். கோயிலில் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற விதி அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இதை அவரே ‘நெஞ்சுக்கு நீதி’யில் எழுதியிருக்கிறார். சங்கீதம் போனது. ஆனால் காது போகவில்லை! ‘பராசக்தி’ வசனத்தை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எங்கே அடுக்க வேண்டும், எங்கே தீர்மானம் வைக்க வேண்டும் என்று ஒரு வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

திருவாரூர் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சிறுவன் தலைமையாசிரியர் கஸ்தூரி ஐயங்கார் அறைக்கே போய், சேர்த்துக்கொள்ளாவிட்டால் எதிரே இருக்கும் கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று மிரட்டினான்! இடம் கிடைத்தது. கமலாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மிரட்டலின் அளவு புரியும். கோயில் எவ்வளவோ குளமும் அவ்வளவு என்று ஊரே சொல்லும். பிறகு அதே குளத்தில் நண்பர் தென்னனோடு நீந்திப் போனபோது, நடு மண்டபம் எட்டுமுன் நண்பருக்குக் கை ஓய்ந்துவிட்டதாம். திரும்பிவிடலாம் என்றாராம். பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது, திரும்பினாலும் அதே தூரம்தானே என்று இவர் முன்னேயே இழுத்துக்கொண்டு போனாராம். 1976, 1991, 2001 என்று ஒவ்வொரு சரிவிலும் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குளத்துக் கதை நினைவுக்கு வராமல் இருக்காது.

இனித்தான் விஷயமே! பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே ‘மாணவ நேசன்’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை. கையால் எழுதி, கையால் படி எடுத்து, கைமாறிப் போன பத்திரிகை. 1942இல் ‘முரசொலி’ பிறக்கிறது. முதலில் துண்டறிக்கை. ஆசிரியர் பெயர் ‘சேரன்’. வயது 18! அச்சிட்டுத் தரத் திருவாரூரில் கருணை ஜமால் போன்ற நண்பர்கள் இருந்தார்கள். காசில்லாமல் நிற்கும், மறுபடி கிளம்பும். அது 1960இல் நாளிதழாகவே ஆகிவிட்டது. பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பையன் தொடங்கிய தாள், இன்றும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது!

அதே காலத்தில் அண்ணாவின் ‘திராவிட நாடு’ இதழுக்கு ‘இளமைப்பலி’ என்ற கட்டுரை போகிறது. அச்சாகிறது. அண்ணா திருவாரூர் வந்தபோது, இதை எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். மீசைகூட முளைக்காத பையன் வந்து நிற்கிறான். முதலில் படிப்பை முடி, பிறகு எழுது என்று அறிவுரை சொல்லி அனுப்பினார் அண்ணா. அந்த அறிவுரை ஒன்றைத்தான் கலைஞர் கேட்கவில்லை. தமிழுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

நடுவே ஒரு பிரெஞ்சு அத்தியாயம். நம்ம காரைக்காலும் புதுச்சேரியும் 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தவை அல்லவா? 1945இல் நாடகம் போடவும் இயக்க மாநாட்டுக்குமாகப் புதுச்சேரி போன இளைஞர் கருணாநிதியை ஒரு கூட்டம் அடித்துத் தெருவோரம் போட்டுவிட்டுப் போனது. இறந்துவிட்டார் என்றே நினைத்துவிட்டார்கள். பெரியார் தன் கையால் மருந்து போட்டார். அந்தக் காயத்தோடு ஈரோட்டுக்கு அழைத்துப் போய் ‘குடிஅரசு’ அலுவலகத்தில் உட்கார வைத்தார். அடி வாங்கியவருக்குக் கிடைத்தது மறுபடி ஒரு எழுத்து மேசை!

திரைப்படக் கதையைச் சுருக்கமாகக் கடப்போம். அது ஊரறிந்த கதை. 1947 ‘ராஜகுமாரி’, 1950 ‘மந்திரி குமாரி’, 1952 ‘பராசக்தி’. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரித் தண்டவாளத்தில் படுத்து சிறை. 1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்தபோது, குளித்தலையிலிருந்து கலைஞர் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். முதல் பேச்சே நங்கவரம் விவசாயத் தொழிலாளர்களுக்காக. காவிரிக்கரைப் பண்ணையாள்களின் வழக்கு, காவிரிக்கரைப் பிள்ளையின் வாயால்.

இப்போது தஞ்சாவூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருங்கள், உங்கள் முறை!

1962. முந்தைய தேர்தலில் ஜெயித்த அந்தப் 15 பேரையும் இந்த முறை வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று காமராஜர் களம் இறங்குகிறார். கலைஞர் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு மாறுகிறார். எதிரே யார் தெரியுமா? பரிசுத்த நாடார்! நடப்பு எம்.எல்.ஏ. காங்கிரஸ் பலம் பின்னால். ஊரில் தனிச் செல்வாக்கு. திருவாரூர்க்காரருக்குத் தஞ்சாவூரில் அவ்வளவு சுலபமாக ஓட்டு விழுமா என்று சந்தேகப்பட ஆயிரம் காரணம் இருந்தது. எண்ணி முடித்தபோது வித்தியாசம் இரண்டாயிரம் ஓட்டுக்கும் குறைவு. வென்றவர் கலைஞர்! அதே தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றுப் போனார். கட்சிக்கு 50 இடம் வந்தது, தலைவர் சட்டமன்றத்தில் இல்லை. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், தஞ்சாவூர் உறுப்பினர் துணைத் தலைவர். பிற்காலத்து முதல்வர் நாற்காலிக்குப் போன படிக்கட்டில் தஞ்சாவூர் போட்ட படி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டாயிரத்துக்கும் குறைந்த ஓட்டு வேறு பக்கம் சாய்ந்திருந்தால், 1969இல் அவர் பெயர் பேச்சுக்கே வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கட்சிப் பொருளாளர் என்ற முறையில் அவர் செய்த வேலையில்தான் திரைமறைவு வேடிக்கை அதிகம். 1967 தேர்தலுக்கு அண்ணா குறித்த நிதி இலக்கு பத்து லட்சம் ரூபாய். கலைஞர் ஊர் ஊராகச் சுற்றி, கொடியேற்று விழா, நாடகம், பொதுக்கூட்டம் என்று எதையும் விடாமல் சேர்த்து விருகம்பாக்கம் மாநாட்டு மேடையில் கொடுத்தது பதினொரு லட்சம்! வேட்பாளர் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்த அண்ணா சைதாப்பேட்டைக்கு வந்ததும் பெயரைச் சொல்லாமல் பதினொரு லட்சம் என்று தொகையைச் சொன்னார். மாநாட்டுப் பந்தல் எப்படி ஆர்ப்பரித்திருக்கும்! பெயருக்குப் பதிலாகத் தொகையைச் சொல்லி அறிவிக்கப்பட்ட வேறு வேட்பாளர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தார். ஒரு வாரத்தில், பிப்ரவரி 10இல், கலைஞர் முதல்வர். வயது 44. அதே 1969இல் பிரான்சில் பிரதமரானவர் ழாக் ஷபான் தெல்மாஸ். அந்த ஊரில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு: ஒரு நகரத்தைப் பிடித்துக்கொள்வது. ஷபான் 1947இல் போர்தோ நகர மேயரானவர், 1995 வரை மேயராகவே இருந்தார். பிரதமர் பதவி வந்தது, போனது. ஜனாதிபதி தேர்தலில் 1974இல் தோற்றார். போர்தோ மட்டும் கையை விட்டுப் போகவில்லை. நம்மவர் பாணி நேர் எதிர்! குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியில் திருவாரூர் என்று தொகுதி மாறிக்கொண்டே இருந்தார். ஷபானுக்கு போர்தோ எதுவோ, கலைஞருக்கு அது முரசொலியின் முதல் பக்கம். நாள்தோறும் தவறாமல் போய் நிற்க ஓர் இடம் அவருக்கும் இருந்தது. அதற்கு வாக்குச்சாவடி தேவைப்படவில்லை.

அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் சண்முகநாதன். இவர் கதை சினிமாவை மிஞ்சும்! தி.மு.க. கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் குறித்துக் காவல்துறைக்குக் கொடுப்பதுதான் இவருடைய முதல் வேலை. ஆட்சிக்கு வந்த பிறகு, தன் பேச்சைச் சொல் பிசகாமல் எடுத்திருந்த அந்தக் கையைக் கலைஞர் மறக்கவில்லை. கூப்பிட்டு உதவியாளராக வைத்துக்கொண்டார். தனக்கு எதிராகச் சாட்சியாகக் கூடிய குறிப்பை எழுதியவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவருடைய நிழலானார். ஒரு தலைவரின் வேலைத் திறமையை அளக்க எனக்கு இந்த ஒரு தேர்வே போதும்.

நெருக்கடி நிலைக் காலத்துக்கு வாங்க. 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்படுகிறது. கட்சிக்காரர்கள் மிசாவில் உள்ளே. யார் யார் கைதானார்கள் என்று வெளியிடத் தணிக்கை அதிகாரி விடமாட்டார். குடும்பங்களுக்கே தகவல் இல்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள் வருகிறது. முரசொலியில் ஒரு பட்டியல் வெளியாகிறது: அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள்! மாவட்டவாரியாகப் பெயர்கள். தணிக்கையாளருக்கு அது அஞ்சலிக் குறிப்பு. படிப்பகத்துப் பெஞ்சில் வாசித்தவர்களுக்கு அது கைதிகள் பட்டியல்! அரசின் கத்தரிக்கோலை ஒரு தலைப்பால் ஏமாற்றிய அந்தக் காலை நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு 13 ஆண்டு ஆட்சி இல்லை. எம்.ஜி.ஆர். இருந்தவரை அசைக்க முடியவில்லை. எத்தனையோ கட்சிகள் இவ்வளவு நீண்ட வறட்சியில் கரைந்து போயிருக்கின்றன. தி.மு.க. கரையாமல் இருந்ததற்கு மாவட்டச் செயலாளர்கள், மாநாடுகள், போராட்டங்கள் என்று பல காரணங்களைச் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனாலும் தோற்ற மறுநாள் காலையில் தொண்டன் கையில் ஒரு கடிதம் இருந்தது, அதில் அவனை உடன்பிறப்பே என்று யாரோ கூப்பிட்டார்கள் என்பதை நான் முதலில் வைப்பேன். அப்படி எழுதப்பட்ட கடிதங்கள் ஏழாயிரத்துக்கும் மேல்! 1989இல் ஆட்சி திரும்பியது. 1991இல் மறுபடி கலைப்பு. அடுத்த தேர்தலில் துறைமுகத்தில் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் அவர் வென்றார், கட்சி துடைத்தெறியப்பட்டது. அந்த எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார். மேசைக்குத் திரும்பினார். 1996இல் முதல்வராக வந்தார்.

டெல்டா அவரை எப்படிப் பார்த்தது? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காவிரி விஷயத்தில் நம்ம விவசாயிகளுக்கு அவர்மீது ஒரு வருத்தம் உண்டு. 1971இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கைப் பேச்சுவார்த்தையை நம்பி 1972இல் திரும்பப் பெற்றார்கள். கலைஞர் தரப்புக்கு அதற்கு விளக்கம் இருந்தது, ஆனால் கதிர் வாடிய கண்ணுக்கு விளக்கம் தெரியாது. என் கணக்கில் அது பிழையான முடிவு. பிறகு 1983இல் தஞ்சை விவசாயிகளின் சங்கமே மன்னார்குடி ரங்கநாதன் முன்னிற்க உச்ச நீதிமன்றம் போனது. 1990 ஜூன் 2இல் வி.பி. சிங் அரசு நடுவர் மன்றம் அமைத்தபோது முதல்வர் நாற்காலியில் கலைஞர் இருந்தார். 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு வந்தபோதும் அவரே! உழவருக்கு இலவச மின்சாரம் அவர் காலத்தில் வந்தது. 2006இல் பதவியேற்ற மேடையிலேயே கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்து. தொகை ஏறத்தாழ ஏழாயிரம் கோடி ரூபாய். அன்று டெல்டாக் கிராமங்களில் வெடித்த பட்டாசுக்குக் கட்சி வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

கோயில் விஷயத்தில் இன்னும் சுவாரஸ்யம். பல ஆண்டு நின்றுபோயிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியது, இவர் முதல்வராக இருந்தபோதுதான்! பெரிய கோயிலுக்குள் ராஜராஜனுக்குச் சிலை வைக்க ஆசைப்பட்டார். தொல்லியல் துறை அனுமதி தரவில்லை. அதனால்தான் 1972 முதல் மாமன்னர் மதிலுக்கு வெளியே நிற்கிறார். தஞ்சாவூர் வரும் சுற்றுலாப் பயணிகள் ஏன் கட்டியவர் வெளியே நிற்கிறார் என்று கேட்பார்கள். பதில் இதுதான். 2010 செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா! பத்மா சுப்ரமணியம் முன்னிற்க ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பரதம். சக்கர நாற்காலியில் முதல்வர். வயது 86. நாதஸ்வரத்தை விட்டு ஓடிவந்த பிள்ளை, சோழன் கட்டிய முற்றத்தில் ஆயிரம் சலங்கையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

இன்னும் இரண்டு திரைமறைவுச் செய்திகள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யோகா: சொல்லிக் கொடுத்தவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார்! நாத்திகரும் வைணவ ஆசாரியரும் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி: அது அலங்காரம் இல்லை. விபத்தில் கண்ணில் பட்ட காயம், அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகள், 1971இல் அமெரிக்காவில் மருத்துவம் என்று நீண்ட வேதனையின் விளைவு. 46 ஆண்டு அணிந்த அந்தக் கனத்த சட்டத்தை 2017இல்தான் மெல்லிய கண்ணாடியாக மாற்றினார். புதுக் கண்ணாடியில் அவர் படம் வந்த அன்று அதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

2011இல் அவர் திருவாரூருக்கே திரும்பினார். பள்ளி இடத்துக்காகக் குளத்தில் குதிப்பேன் என்ற ஊரிலேயே வேட்பாளர்! 2016இல் 91 வயதில் மறுபடி நின்றார். வேனில் உட்கார்ந்தபடி தமிழ்நாடு முழுக்கச் சுற்றுப்பயணம். வித்தியாசம் 68,366 ஓட்டு. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே பெரிய வெற்றி அதுதான்! தஞ்சாவூரில் இரண்டாயிரத்துக்கும் குறைவாகத் தப்பிப் பிழைத்தவருக்குக் கீழத்தஞ்சை கடைசியில் அள்ளிக் கொடுத்தது.

திருக்குவளை வீட்டை அவர் வாழ்நாளிலேயே நூலகமாக்கிவிட்டார். தந்தை பெயரில் முத்துவேலர் நூலகம், தாய் பெயரில் அஞ்சுகம் படிப்பகம். சுவரெல்லாம் புகைப்படங்கள். திருவாரூரிலிருந்து பஸ் இருக்கிறது. போகிறவர்கள் கோளிலிநாதரையும் பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டும் ஒரே ஊரில்தான். குழந்தைகளைக் கூட்டிப் போனால், 18 வயதுப் பையன் பத்திரிகை தொடங்கிய கதையை வழியிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அவர்களும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுவார்கள், பாருங்கள்!